ஞாயிறு யாருடைய கூரையில்?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் ஞாயிற்றைக் கொண்டே பெயரிட்டனர் நம் முன்னோர். ஒன்று எழுவான்கரை, மற்றது படுவான்கரை. மாரி பெய்யும் சில வாரங்கள் போக, ஆண்டின் பெரும்பகுதியும் இங்கே வெயில் கொட்டிக் கிடக்கிறது. ஆயினும் வந்தாறுமூலைப் பக்கத்தில் அவ்வெயிலை மின்சாரமாக்கும் தகடுகள் எந்தக் கூரைகளில் ஏறியிருக்கின்றன என்று அண்ணாந்து பார்ப்போர்க்கு, ஊரின் வர்க்கப் பிரிவு வேறு விளக்கமின்றியே புலப்படும். வயற்கூலியின் தகரக் கூரையிலும் வாவி மீனவனின் கிடுகுக் கூரையிலும் நாம் அவற்றைக் காண்பதில்லை.

2016 செப்டம்பரில் அரசு தொடங்கிய கூரைச் சூரியமின் திட்டத்துக்குச் ‘சூரியபல சங்கிராமய’ என்று பெயர். சங்கிராமம் என்றால் போர். சொல்லையும் பொருளையும் ஒப்புநோக்கிப் பழகியவர்கள் நாம். ஆதலின் இத்திட்டத்தையும் அவ்வாறே வாசித்தல் தகும். இந்தப் போரின் படைவீரன் யார்? திட்டத்தின் வாசகமே விடை தருகிறது. வீட்டுக்காரர் மின்சார சபைக்கு விற்கும் ஒவ்வோர் அலகுக்கும் முதல் 7 ஆண்டுகள் 22 ரூபாய். அடுத்த 13 ஆண்டுகள் 15 ரூபாய் 50 சதம். இருபதாண்டு வருமானம்! ஆனால் அதற்கு முன்நிபந்தனைகள் மூன்று: பாரம் தாங்கும் கூரை, வங்கி ஏற்கும் பிணை, கையிலே முதல். மூன்றும் உடையவன் ஏற்கெனவே பாதிப் போரை வென்றவன்.

2025க்குள் 1000 மெகாவாற் என்னும் இலக்கு கடக்கப்பட்டது. இதை நாம் மறுக்கவில்லை; எரிக்கப்படாத டீசலும் நிலக்கரியும் நாட்டுக்கு இலாபமே. நமது வழக்கு வேறு. நெருக்கடியைத் தொடர்ந்து 2022 இல் கூரை மின்சாரத்தின் கொள்விலை 37 ரூபாயாக உயர்ந்தது. அதே காலத்தில் மாதம் 30 அலகு மட்டுமே எரிக்கும் ஏழை வீட்டின் கதையைப் பாருங்கள். 2022 ஆகஸ்டுக்கு முன்னர் அவ்வீட்டுப் பட்டியல் 105 ரூபாய். 2023 பெப்ரவரியில் அலகுக்கு 30 ரூபாயும் நிலையான கட்டணம் 400 ரூபாயுமாக அது 1300 ரூபாயாயிற்று. அதாவது, அலகுக்கு 43 ரூபாய்! தகடு உடையவன் 37 ரூபாய் பெற்றான். தகடு இல்லாதவன் 43 ரூபாய் கொடுத்தான். பின்னர் இரண்டு தொகைகளுமே குறைக்கப்பட்டன. இருவரும் நின்ற இடங்கள் மாறவில்லை.

மாதம் 30 அலகு என்பது நாளுக்கு ஓர் அலகு. நல்ல வெயிலில் 300 வாற் தகடு ஒன்றே அதைத் தந்துவிடும். அப்படியாயின் ஏழை ஒரு தகடு வாங்கலாமே என்பர். இங்கேதான் சந்தையின் சூட்சுமம் இருக்கிறது. தகட்டின் விலை அளவுக்கேற்பக் குறையும். இருவழி மானிக்கும் மாற்றிக்கும் பொருத்துகூலிக்கும் விண்ணப்பத்துக்கும் ஆகும் செலவோ அவ்வாறு குறைவதில்லை. சிறியவன் ஒவ்வொரு வாற்றுக்கும் பெரியவனிலும் கூடுதலாகவே கொடுக்கிறான். அரிசியைச் சுண்டுக் கணக்கில் வாங்குபவனுக்கு நேர்வதே இங்கும் நேர்கிறது.

இன்னொன்று: இவனுக்கு விளக்கு வேண்டுவது இரவில். பகல் மின்சாரமோ மிஞ்சுகிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே வேண்டிக்கொண்டது. சேமிக்கும் மின்கலத்துக்கு வழி செய்யாமல் தகட்டை மட்டும் பெருக்கியதன் விளைவு இது.

சிறிய வீட்டை நினைத்துச் செய்த முயற்சியும் இந்நாட்டில் உண்டு. 1997 முதல் உலக வங்கிக் கடனுதவியோடு, சர்வோதயத்தின் சிறுகடன் அமைப்பும் பிறவும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கிராம வீடுகளுக்குத் தவணை முறையில் சிறு தகடுகளைக் கொண்டுசென்றன. நாலைந்து விளக்கு, ஒரு வானொலி, அவ்வளவே. குறைகள் இல்லாமலில்லை: சில ஆண்டுகளில் மின்கலம் செத்தது, தவணை முடியுமுன்னரே மின்கம்பி வந்த ஊர்களில் கடன் மட்டும் மிஞ்சியது. எனினும் அங்கே கடன் வீட்டின் அளவுக்கு வெட்டப்பட்டிருந்தது. சங்கிராமமோ வீட்டைக் கடனின் அளவுக்கு வளரச் சொல்கிறது.

தனிக் கூரை இல்லையென்றால் பொதுக் கூரை இருக்கிறது. குஜராத்தின் துண்டி என்னும் சிற்றூரில் ஆறு விவசாயிகள் 2016 இல் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, நீரிறைத்து மிஞ்சும் சூரிய மின்சாரத்தை விற்கத் தொடங்கினர். அவர்களுக்குத் துணைநின்ற சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் தலைமையகம் நம் கொழும்புப் பக்கத்திலேதான் இருக்கிறது! வந்தாறுமூலையில் பாடசாலைக் கூரை உண்டு. 1981 இல் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் பல்கலைக்கழகமான பெரும் வளாகமும் உண்டு. அத்தகைய கூரை ஒன்றில் முந்நூறு வீடுகள் ஆளுக்கொரு தகட்டின் பங்கைத் தவணையில் வாங்கலாம். ஒரே மானி, ஒரே மாற்றி. விளையும் அலகுகள் அவரவர் பட்டியலில் கழிய வேண்டும்.

கூட்டுறவுச் சங்கங்கள் களவில் முடிந்த கதைகளை நண்பர்கள் நினைவூட்டுவர். உண்மைதான். கணக்குப் புத்தகத்தை மாதந்தோறும் உறுப்பினர் முன் விரித்து வாசிக்க ஆசிரியரும் மாணவரும் முன்வருவாராயின், அந்த அச்சத்திற் பாதி தீரும். மறுபாதி மின்சார சபையின் கையில் இருக்கிறது: ஒரு கூரையின் மின்சாரத்தைப் பல வீட்டுப் பட்டியல்களிற் பங்கிட்டுக் கழிக்கும் விதி முதலில் எழுதப்பட வேண்டும்.