ஏடுகள் இரண்டு, எண்ணப்பட்ட தலைகள் ஒன்பதே முக்கால் இலட்சம்

நாடுகள் ஒன்றோடொன்று நடந்துகொள்ளும் முறைக்கு விளக்கம் கூற வந்த கொள்கைகளிலே இரண்டு, கல்லூரி மண்டபங்களில் ஓயாது மோதிக்கொள்கின்றன. ஒன்று நடப்பியல்வாதம், மற்றொன்று தாராளவாதம். "வலிமையைப் பார்" என்கிறது முன்னது. "ஒப்பந்தத்தைப் பார்" என்கிறது பின்னது. இரண்டையும் படித்துத் தேர்வெழுதியோர் பலர். நம் மக்களின் வாழ்வோடு உரசிப் பார்த்தோர் சிலர். உரைகல்லாக நாம் எடுத்துக்கொள்வது, 1964 அக்டோபர் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட உடன்படிக்கை.

அதன் பொருள் என்ன? இலங்கை மலையகத்துத் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாய் உழைத்த தமிழர்கள், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோர் ஆக்கப்பட்டனர். மறு ஆண்டே வாக்குரிமையும் பறிபோயிற்று. அவர்தம் தொகை 1964இல் 9,75,000 என மதிப்பிடப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்! அந்தப் 'பிறகு' 1974இல் வந்தது. ஆளுக்குப் பாதியென 75,000 வீதம் பிரித்துக்கொண்டனர். பாகப்பிரிவினையிலே பாத்திரம் பண்டங்களைப் பிரிப்பதுண்டு. இங்கே பிரிக்கப்பட்டோர் மனிதர்!

நடப்பியல்வாதி இதற்கு என்ன சொல்வார்? ஜெர்மனியிலே பிறந்து, நாஜிகள் காலத்தில் அமெரிக்காவில் குடியேறிய யூத அறிஞர் ஹான்ஸ் மார்கெந்தோ, இக்கொள்கையின் தலையாய ஏட்டை வெளியிட்ட ஆண்டும் அதே 1948. நாடுகளை இயக்குவது நலன். அந்நலனை அளக்கும் கோல் வலிமை என்பது அவர் வாதம். அர்த்தசாஸ்திரத்து மண்டலக் கணக்கை இதற்கு முன்னோடியாகக் காட்டுவோரும் உளர். மார்கெந்தோவைப் போர்வெறியர் என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. வியட்நாம் போரைத் துணிந்து கண்டித்தவர் அவர். அவரது ஏடு நமக்கு ஒரு தெளிவைத் தருகிறது. தோட்டத் தமிழர் இலங்கையின் பொறுப்பே என்பது நேருவின் நெடுநாளைய நிலை. அவர் மறைந்து ஏறத்தாழ ஐந்து திங்களில் அந்நிலை கரைந்தது ஏன்? 1962இல் சீனத்தோடு போரிட்டுத் தோற்ற இந்தியாவுக்கு, தென்திசை அண்டை நாட்டின் நட்பு வேண்டியிருந்தது. ஏடு தரும் விடை இது. பெருமளவு சரியான விடையே.

ஆனால், விளக்கம் முடிந்ததும் வாய் மூடிக்கொள்கிறது அந்த ஏடு. 'நாட்டு நலன்' என்கிறாரே, எந்த நாட்டில் எவருடைய நலன்? கொழுந்து கிள்ளிய பெண்ணின் நலன் அதில் சேர்ந்ததா? தெய்வத்தின் பெயரால் கேள்வியை அடக்கியது ஒரு காலம். நாட்டு நலன் என்னும் பெயரால் அடக்குவது இக்காலம். பகுத்தறிவாளர் முன்னதைக் கேட்டதுபோல் பின்னதையும் கேட்டே தீரவேண்டும்.

இனித் தாராளவாதம். இம்மானுவேல் காண்ட் 1795இல் எழுதிய நிலையான அமைதி பற்றிய சிறு நூல் இதன் ஊற்று. குடியரசு ஆட்சி, நாடுகளின் கூட்டமைப்பு, அயலாரை வரவேற்கும் பண்பு ஆகிய மூன்றும் அமைதியை நிலைநிறுத்தும் என்றார் அவர். வணிகத்தால் பிணைந்த நாடுகள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் என்பதை 1977இல் கியோஹேன், நை என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் விரித்துரைத்தனர். நாவலூரில் வாழும் நம்மவர்க்கு இது இனிக்கத்தான் செய்யும். பழைய மாமல்லபுரம் சாலையின் கணினிக் கூடங்களிலே நம் இளைஞர் கடல் கடந்த நாட்டார்க்கு வேலை செய்கின்றனர். அங்கே ஒரு கதவு அடைபட்டால் இங்கே ஓர் அடுப்பு அணையும். நாடுகள் தனித்தனித் தீவுகள் அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எனினும் மலையகம் இந்த ஏட்டையும் மடக்கிக் கேட்கிறது. இலங்கையிலே 1931 முதலே வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை கொள்கை இருந்தது. தேயிலை உலகெங்கும் சென்றது. மக்களாட்சி உண்டு, வணிகம் உண்டு, இறுதியில் சமாதான ஒப்பந்தமும் உண்டு. ஆயினும், தேர்தலால் வந்த நாடாளுமன்றமே தொழிலாளரை நாடற்றோராக்கியது! துப்பாக்கி வெடிக்காததால் அமைதி என்று கணக்கெழுதும் தாராளவாதி, மனிதரைப் பங்கிட்ட தாளை வெற்றி என்றல்லவா பதிய நேரும்?

காண்டின் ஏட்டிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. ஒரு நாட்டை வாரிசுரிமையாலோ, பரிமாற்றத்தாலோ, விலைக்கோ, கொடையாகவோ பெறலாகாது. நாடு என்பது மனிதச் சமுதாயம், உடைமைப் பொருளன்று என்றார் அவர். நாட்டையே மாற்றிக்கொள்ளக் கூடாதென்றால், அதன் மக்களில் ஒரு பகுதியை எண்ணி மாற்றிக்கொள்வது எங்ஙனம் தகும்? ஆனால் அவரும் பாதி வழியில் நின்றுவிட்டார். அயலார்க்கு அவர் தந்தது வந்துசெல்லும் உரிமை. தங்கி வாழும் உரிமையன்று. அந்த மண்ணிலே பிறந்து, அந்த மண்ணுக்கே உழைத்தவனை விருந்தாளி என்பவர்க்கு, காண்டின் ஏட்டில் நேரடி விடை கிடைக்கவில்லை.

நம் தீர்ப்பு இதுவே: கையெழுத்திட்ட கையை விளக்க நடப்பியல்வாதம் உதவும், அக்கை செய்தது தவறு என்று சொல்லும் துணிவின் வித்து தாராளவாதத்தில் உண்டு. இரண்டும் கேட்க மறந்தது, பங்கிடப்பட்டவரின் விருப்பத்தை. விண்ணப்பம் கோரியபோது, இலங்கைக் குடியுரிமை கேட்டோர் தொகை ஒதுக்கிய மூன்று இலட்சத்தை மிக விஞ்சியது. அவர்களை முன்கூட்டிக் கேட்டிருந்தால் அந்தக் கணக்கே எழுந்திராது. பல்லாயிரவர் கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்தனர். நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கூடை சுமந்தனர். இலங்கையில் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. 1948க்கும் 2003க்கும் இடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

ஆகவே தோழர்களே, நாளை எந்த இரு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்கினும் இரண்டு ஏடுகளையும் புரட்டுங்கள். வலிமை எங்கே என்று ஒன்றைக் கேளுங்கள். நெறி எங்கே என்று மற்றொன்றைக் கேளுங்கள். அதன் பின்னர், இரண்டும் கேளாத கேள்வியை நீங்கள் கேளுங்கள்: "யாரைப் பற்றி முடிவு செய்தீர்களோ, அவரைக் கேட்டீர்களா?"