விரல்நுனியில் ஒரு குதிரைப் பாய்ச்சல்

கேசட்டுகளிலும் பிறகு குறுந்தட்டுகளிலும் ஆண்டுக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, எந்தப் பாட்டில் எவ்விடத்தில் டிரம் ஓய்ந்து மறுபடி எழும் என்பதுவரை எனக்கு மனப்பாடமாகிவிட்டிருந்த அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவினர், 2007 மார்ச் 17-ஆம் தேதி பெங்களூர் அரண்மனை மைதானத்தில், இந்திய மண்ணில் தங்கள் முதல் கச்சேரியை நிகழ்த்தப் போகிறார்கள் என்று அறிந்ததும், சென்னையிலிருந்து ரயிலேறிய ரசிகர்களில் நானும் ஒருவனானேன்.

1975-இல் கிழக்கு லண்டனில் இக்குழுவை ஆரம்பித்த ஸ்டீவ் ஹாரிஸ் பேஸ் கிதார் வித்வான். இவ்வகைச் சங்கீதத்தில் பொதுவாகப் பேஸ் கிதார் அடித்தளமிட்டுவிட்டு அடக்கமாக ஒதுங்கி நிற்கும். இங்கேயோ அதுவே நாயக ஸ்தானம் வகித்து, மற்ற வாத்தியங்களை எல்லாம் தன் பின்னே இழுத்துச் செல்கிறது. ஒரு நெட்டடி, உடனே இரண்டு குற்றடிகள் என்று இடையறாது ஓடும் அந்தக் குதிரை நடையை, பிக் என்னும் மீட்டுவில்லை எதுவும் பிடிக்காமல் வெறும் விரல்களாலேயே அவர் வாசிக்கிறார் என்று படித்திருக்கிறேன். ஆயினும், மேடை விளிம்பிலிருந்த ஒலிபெருக்கியின்மேல் ஒரு காலை ஊன்றி, வாத்தியத்தைத் துப்பாக்கிபோல் எங்களை நோக்கி நீட்டி, பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் தாமும் உதட்டளவில் உச்சரித்தபடி அவர் தந்திகளைச் சுண்டியதையும், அவை கிதாரின் கழுத்தில் பதித்த உலோகக் கம்பிகளில் மோதிச் சடசடவென்று தெறித்ததையும் கண்ணாரக் கண்ட பிறகுதான், இத்தனை காலம் நான் கேட்டு மகிழ்ந்த அந்த நாதம் முழுக்க முழுக்க விரலின் உழைப்பு என்பது எனக்குப் பிரத்யட்சமாயிற்று. அன்று டிரம் வாசித்த நிக்கோ மெக்பிரெயினும் அவருக்குச் சளைத்தவரல்லர். பிறர் இரட்டைப் பெடலால் சாதிக்கும் வேகத்தை அவர் ஒற்றைப் பெடலில் சாதித்தார்.

1854-இல் பாலக்ளாவாப் போர்க்களத்தில் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்து பலரை இழந்த பிரிட்டிஷ் குதிரைப் படையைப் பற்றிய 'தி ட்ரூப்பர்' பாட்டுக்கு இந்தக் குதிரை நடையைவிடப் பொருத்தமான லயம் வேறு கிடையாது. கிதார்களில் ஒன்று ஷட்ஜத்தைத் தொடும்போது மற்றொன்று காந்தாரத்தைத் தொட்டுக் கூடவே ஓடும் அந்த ஜோடி சஞ்சாரத்தில் வீரமும் சோகமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. 'ஃபியர் ஆஃப் தி டார்க்' பாட்டிலோ, சொல்லே இல்லாத கிதார் மெட்டைக்கூட மைதானம் முழுவதும் வாய்விட்டுப் பாடிற்று. பாடகர் புரூஸ் டிக்கின்சனின் கம்பீரமான குரலையும் மீறி ஒலித்த அந்தக் கோஷத்தை எந்தத் தட்டிலும் முழுமையாகப் பிடித்துவிட முடியாது.

இக்குழு 2006-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் நீண்ட பாட்டுகளைப் பழைய பாட்டுகளுக்கு நிகராக ஏற்காத ரசிகர்கள் உண்டு. நிதானமாக விரியும் அவற்றை நான் மிக உயர்வாகவே மதிக்கிறேன். இக்குழுவைப் புதிதாக அணுகுகிறவர்கள், முதலில் குரலையும் மற்றக் கிதார்களையும் சற்றே ஒதுக்கிவிட்டு, பேஸை மாத்திரம் பின்தொடர்ந்து 'தி ட்ரூப்பர்' பாட்டை ஒருமுறை முழுமையாகக் கேட்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.