நிலமும் பொழுதும்: ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ புதினத்தில் குறிஞ்சி மலர்

முன்னுரை

காரைக்கால் மலையற்ற நிலம். அரசலாறு கடலொடு கலக்கும் இப்பகுதி மருதமும் நெய்தலும் மயங்கிய நிலத்திற்குத் தக்க சான்றாகும். இத்தகைய கடற்கரை வகுப்பறைகளில் குறிஞ்சி, முதல், கரு, உரிப்பொருள் அட்டவணையின் ஒரு வரியாகவே பெரிதும் அறிமுகமாகிறது. அவ்வரிக்குப் பின்னுள்ள செடி அழிவை எதிர்நோக்கும் நிலையில், அம்மலரை இலக்கியம் எவ்வாறு கையாண்டது என்பது ஆராயத்தக்கது.

நிலமாகிய மலர்

குறுந்தொகையின் மூன்றாம் பாடல் குறிஞ்சியின் கரிய தண்டையும் அதன் பூவிலிருந்து பெறும் தேனையும் சுட்டுகிறது. அது பூக்கும் இடைவெளியைச் சுட்டவில்லை. தொல்காப்பியம் குறிஞ்சிக்கு வகுத்த கூதிர், முன்பனி, யாமம் ஆகிய பொழுதுகள் ஓராண்டுக்குள் சுழல்பவை. நீலக்குறிஞ்சியோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து மடிவது. ஆகவே மலர் நிலத்திற்குப் பெயராயிற்று. அதன் பொழுது இலக்கணத்திற்கு வெளியே நின்றது.

பொழுதாகிய மலர்

விடுபட்ட அப்பொழுதை 1963இல் வெளிவந்த ‘குறிஞ்சித்தேன்’ மீட்டெடுக்கிறது. நீலகிரிப் படகர் வாழ்வைத் தலைமுறைகளின் ஊடே சித்திரிக்கும் இப்புதினத்தில், குறிஞ்சியின் பூப்பு காலத்தை அளக்கும் கோலாகிறது. உணவுப் பயிர் விளைந்த நிலத்தில் தேயிலை புகுவதும், உறவுகள் பணத்தால் பிளவுறுவதும் அக்கோலால் அளக்கப்படுகின்றன.

புதினத்தின் வலிமையும் எல்லையும் இங்கேயே உள்ளன. அளவுகோல் மாறாதது என்னும் நம்பிக்கை கதையமைப்பின் அடித்தளம். ஆனால் கதை கூறும் மாற்றமே அவ்வளவுகோலைச் சிதைக்க வல்லது. தேயிலையும் தைலமரமும் சீகைமரமும் பரவியது குறிஞ்சி வளரும் மலைச்சரிவுப் புல்வெளிகளில்தான். பூக்குமுன் அச்சரிவு எரியுமாயின் அல்லது உழப்படுமாயின் விதையின்றி ஒரு தலைமுறையே அறும். மனித வாழ்வின் மாற்றத்தை அளக்கும் மலர், தானும் அம்மாற்றத்திற்கு உட்பட்டதே என்னும் உண்மை புதினத்தின் மையத்திற்கு வரவில்லை.

காப்பும் வாசிப்பும்

கேரள அரசு 2006இல் இடுக்கி மாவட்டத்தில் ஏறத்தாழ 32 சதுர கி.மீ. பரப்பைக் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அறிவித்தது. 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி இடம்பெற்றது. மூணாற்று மலைகளில் 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்த குறிஞ்சி 2030இல் மீண்டும் பூக்க வேண்டும். சட்டம் காப்பது நிலப்பரப்பை. குறிஞ்சிக்குத் தேவைப்படுவதோ பன்னிரண்டு ஆண்டுகள் இடையூறின்றித் தொடரும் காலமும் ஆகும். சங்கப் பாடலின் நிலத்தையும் புதினத்தின் பொழுதையும் இணைத்து வாசிக்கும்போதே இத்தேவை புலனாகும்.

முடிவுரை

திணைப் பெயர்கள் உயிருள்ள செடிகளின் பெயர்கள். காரைக்கால் மாணவர் நெய்தலை ஒழுக்கமாக மட்டுமன்றி நீர்நிலையில் பூக்கும் செடியாகவும் அறிவாராயின், காணாத மலையின் குறிஞ்சியையும் அவ்வாறே அறிய வழி பிறக்கும். செடி மறைந்தபின் எஞ்சும் குறிஞ்சித்திணை, பொருளிழந்த பெயராகவே நிற்கும்.