கூப்பிடாத வீட்டுக்குள் நுழையும் மருத்துவம்

2022 ஏப்ரல் 30 அன்று மதுரை மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் ஹிப்போகிரட்டஸ் உறுதிமொழிக்குப் பதிலாகச் சரக சபதம் எடுத்தார்கள். பெரிய சர்ச்சையாயிற்று. கல்லூரி முதல்வர் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றப்பட்டார். சில நாட்களில் மீண்டும் பதவிக்கு வந்தார். எந்த மரபு யார் மீது திணிக்கப்படுகிறது என்கிற கேள்வி முக்கியமானதுதான். ஆனால் அந்தச் சத்தத்தில் இன்னொரு கேள்வி அமுங்கிப் போனது. உறுதிமொழி எதுவாக இருந்தாலும், அதில் நோயாளி எங்கே நிற்கிறார்?

இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்கலாம். இரண்டிலும் ஒரு வீடு வருகிறது. கிரேக்க மருத்துவன் நோயாளியின் நன்மைக்காகவே வீட்டுக்குள் போவதாகவும், அங்கே கண்டதை வெளியே சொல்வதில்லை என்றும் உறுதி தருகிறான். சரகரின் மாணவனோ வீட்டாருக்குத் தெரிந்த, அனுமதி உள்ள ஓர் ஆளுடன் நுழைய வேண்டும்; வீட்டு நடப்பை வெளியில் பேசக் கூடாது; கணவனோ காப்பாளனோ உடனில்லாத பெண்ணுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது. ஆக, அனுமதி என்பது அங்கே ஆணின் அனுமதி. இரண்டு பிரதிகளும் பேசாமலே ஏற்றுக்கொண்ட ஒன்று உண்டு: மருத்துவன் அழைக்கப்பட்டவன். வலி வந்தது, ஆள் அனுப்பினார்கள், அவன் போனான்.

சமூக மருத்துவம் இதைத் தலைகீழாக்குகிறது. இங்கே யாரும் கூப்பிடவில்லை. மருத்துவம்தான் வீடு தேடி வருகிறது. வரலாறு நீளமானது. 1946இல் போர் குழு 'சமூக மருத்துவர்' என்கிற கனவை முன்வைத்தது. மருத்துவக் கல்வி நம் மக்களின் தேவைக்கு அந்நியமாகக் கிடக்கிறது என்று 1975இல் ஸ்ரீவஸ்தவா குழு சொன்னது. 1977இல் வந்த திட்டம் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களின் பொறுப்பை ஏற்க வேண்டும் என்றது. இப்போது தேசிய மருத்துவ ஆணையத்தின் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம்; முதலாண்டு மாணவரே கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்பு நெடுகத் தொடர வேண்டும். நோக்கங்களில் குறை சொல்ல முடியாது. சொல்லில்தான் சிக்கல்.

'தத்து' என்கிற சொல்லைக் கொஞ்சம் கவனிப்போம். தத்தெடுப்பவர் தருகிறவர், தத்துப் போவது பிள்ளை. பதினெட்டு வயசுப் பிள்ளை ஒன்று, அறுபது வருஷம் உழைத்துத் தேய்ந்த விவசாயக் கூலியின் குடும்பத்தைத் 'தத்தெடுக்கிறது'. இது என்ன கூத்து? யார் யாருக்குத் தருகிறார்கள்? வேலைக்குப் போகும் நேரத்தை, விரல் நுனி ரத்தத்தை, கடன் கணக்கை, கருக்கலைந்த கதையை அந்த வீடு தருகிறது. மாணவருக்கு ஒரு பதிவேடு நிரம்புகிறது, மதிப்பெண் கிடைக்கிறது. ஏழை தன் உடலைப் பார்வைக்குக் கொடுத்து, கிடைத்த சிகிச்சைக்கு ஈடு செய்கிறான் என்கிற எழுதப்படாத ஒப்பந்தத்தின் மீதுதான் நவீன மருத்துவமனை எழுந்தது என 1963இல் ஃபூக்கோ எழுதினார். கிராமத்தில் அந்த ஒப்பந்தம்கூட முழுசாக இல்லை. பார்வை உண்டு, சிகிச்சை பல சமயம் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

மாணவர் கையில் இருக்கும் படிவமும் ஒரு பிரதிதான். கிராமக் கணக்கெடுப்பில் பரவலாகப் பயன்படுவது 1961இல் பி.ஜி. பிரசாத் வகுத்த அளவுகோல். அதற்குத் தெரிந்தது ஒன்றே: தலைக்கு மாத வருமானம் எவ்வளவு. ஐந்து வகுப்புகள், முடிந்தது. 1964இல் வந்த உதய் பரீக்கின் அளவுகோலில் சாதிக்கு ஓர் இடம் இருந்தது. பிரசாத்தின் அளவுகோலில் ஊரும் சேரியும் ஒரே கட்டத்தில் விழுகின்றன. குடிதண்ணீர்க் குழாய் ஏன் அந்தத் தெருவோடு நின்றது என்று அந்தக் கட்டம் கேட்காது. கேட்காத கேள்விக்கு மாணவர் பதிலும் தேட மாட்டார்.

இனி வீட்டு வாசலுக்கு வருவோம். திண்ணையில் வைத்து, பக்கத்து வீட்டுக்காரி கேட்டுக்கொண்டிருக்க, மருமகளிடம் வெள்ளைப்படுதல் பற்றிக் கேட்கப்படுகிறது. பதில் சொல்வது மாமியார். வெள்ளைக் கோட்டைப் பார்த்து 'டாக்டரம்மா' என்கிறார்கள், மாணவி திருத்துவதில்லை. ரத்த அழுத்தம் எகிறிக் கிடப்பதைக் கண்டுபிடித்தாயிற்று. அப்புறம்? அடுத்த மாதம் வேறு ஆள் வந்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலர் மீட்டிங் போய்விட்டால் புறநோயாளிகள் மொத்தமும் பயிற்சி மருத்துவர் தலையில். 'எனக்கு இது தெரியாது' என்று சொல்ல அவருக்கு வாயில்லை, பயிற்சி முடித்ததற்கான கையெழுத்து மேலே இருக்கிறவர் கையில் இருக்கிறதே. இதையெல்லாம் தனிமனித ஒழுக்கக் குறைவு என்று சுருக்கிவிட முடியாது. மாணவரின் மௌனத்தையும் அந்த வீட்டின் மௌனத்தையும் ஒரே நிறுவனம்தான் உற்பத்தி செய்கிறது.

அப்படியானால் போகவே வேண்டாமா? 1968இல் மெக்சிகோவில் இவான் இல்லிச் அமெரிக்க மாணவத் தொண்டர்களிடம் அதைத்தான் சொன்னார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்றார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதை அப்படியே இங்கே இறக்குமதி செய்தால் லாபம் யாருக்கு? மாணவர் போகாத கிராமத்தை அரசும் மறந்துவிடும். நகரத்து மருத்துவர் நகரத்திலேயே தயாராகி நகரத்திலேயே தங்கிவிடுவார். போகத்தான் வேண்டும். எந்த நிபந்தனைகளில் என்பதே கேள்வி.

உறுதிமொழி விழா மேடையை விட்டு இறங்கி வாசலுக்கு வரட்டும். 'நான் இன்னும் டாக்டராகல, படிச்சிட்டிருக்கேன். உங்ககிட்ட கத்துக்க வந்திருக்கேன். இஷ்டமில்லன்னா பதில் சொல்ல வேணாம், அதனால உங்களுக்கு வர்ற மருந்து நிக்காது.' எந்த மொழி, எந்த மரபு என்கிற சண்டைக்கு இடமில்லாத எளிய வாக்கியங்கள். இவை மெய்யாக வேண்டுமானால் கல்லூரி மூன்றைச் செய்தாக வேண்டும். கண்டுபிடித்த நோய்க்கு மருந்து கிடைக்கிற வரை ஒரு பெயர் பொறுப்பேற்க வேண்டும். திரட்டிய விவரம் ஊர்க் கூட்டத்துக்குத் திரும்பி வர வேண்டும், ஆனால் அதில் எந்த வீட்டின் ரகசியமும் இருக்கக் கூடாது. 'வேண்டாம்' என்று ஒரு வீடு சொன்னால் மாணவருக்கு மதிப்பெண் குறையக் கூடாது. மறுப்பதற்கு இடமில்லாத இடத்தில் சம்மதம் என்று ஒன்று கிடையாது.