ஏர் ஃப்ரையர் பாஸ்தா: எண்ணெய் குறைகிறது, மாவு குறைவதில்லை

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் மாலைத் தீனியாக நுழைந்திருக்கிறது பாஸ்தா சிப்ஸ். 2021-இல் டிக்டாக் வழியே உலகெங்கும் பரவிய பண்டம் இது. டிக்டாக்குக்கு இங்கே 2020-லேயே தடை வந்துவிட்டாலும், செய்முறை மற்ற வழிகளில் நம் அடுப்படிக்கு வந்து சேர்ந்துவிட்டது. "எண்ணெயே இல்லாத ஆரோக்கியத் தீனி" என்கிற பேச்சும் கூடவே வந்தது. அந்தப் பேச்சு பாதிதான் உண்மை.

செய்முறை எளிது. பாஸ்தாவை உப்பு போட்டு வேகவைத்து, வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் மிளகாய்த்தூளும் சீரகத்தூளும் பிசறி, ஏர் ஃப்ரையரில் 200 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்து, நடுவில் ஒருமுறை குலுக்கிவிட்டால் போதும். வெந்த மாவிலிருந்து நீர் வெளியேறும்போது அது இறுகி மொறுமொறுப்பாகிறது. வெந்த கூழைக் காயவைத்து வடகம் போடுவதும் இதே அடிப்படையில்தான். மொட்டை மாடியில் பாய் விரிக்க இடமில்லாதவர்களுக்கு வெயிலின் வேலையை இந்தக் கருவியின் சூடான காற்று செய்து தருகிறது.

இதன் பெரிய நன்மை, மிச்ச எண்ணெய் இல்லாமல் போவது. வாணலியில் பொரித்தால் கால் லிட்டராவது மீந்துபோகும். அதையே மறுநாளும் காய்ச்சுகிறோம். பொரித்த எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதை அளந்து பார்க்க வீட்டில் வழியில்லை. ஏர் ஃப்ரையரில் அந்தக் கவலையே எழுவதில்லை. சின்ன சமையலறையில் எண்ணெய்ப் புகையும் மண்டாது.

குறைகளும் உண்டு. எண்ணெய் குறைந்தாலும் மாவு மாவாகவே இருக்கிறது. 100 கிராம் உலர் பாஸ்தாவில் ஏறக்குறைய 350 கலோரி. எண்ணெய் இல்லை என்ற தைரியத்தில் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டால் மிச்சப்படுத்தியதெல்லாம் போய்விடும். மாவுப் பண்டத்தை 120 டிகிரிக்கு மேல் கருக விட்டால் அக்ரிலமைடு கூடும். இது பொரிப்பதற்கும் பொருந்தும், காற்றில் வறுப்பதற்கும் பொருந்தும். பொன்னிறத்தோடு நிறுத்த வேண்டும்.

மொறுமொறுப்பிலும் சிக்கல் இருக்கிறது. குழாய் போன்ற பென்னேயில் காற்று உள்ளும் புறமும் பாய்வதால் சீராக வறுபடும். பட்டாம்பூச்சி வடிவத்தில் நடு மடிப்பு தடித்திருப்பதால், ஓரம் சிவந்த பிறகும் மடிப்பு கடிபடாது. பல் விழுந்த பெரியவர்களுக்கு இதைக் கொடுக்க முடியாது. கூடையில் ஒரே அடுக்காகப் பரப்பினால்தான் வேகும் என்பதால், நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு மூன்று ஈடு ஓட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சீக்கிரமே நமுத்துவிடும். டப்பாவில் அடைத்து வாரக்கணக்கில் வைக்கும் முறுக்கின் இடத்தை இது பிடிக்காது.

ஆக, மதிய உணவில் மீந்த பாஸ்தாவை வீணாக்காமல் மாலையில் தீர்க்க இது நல்ல வழி. இதற்காகவே கருவி வாங்க வேண்டியதில்லை. வீட்டில் ஏற்கெனவே இருந்தால், ஒரு கைப்பிடி பாஸ்தாவோடு வறுத்த நிலக்கடலையோ அவித்த கொண்டைக்கடலையோ சேர்த்துக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.