வாய்பாட்டுக்கு மை வைக்கும் தேர்வு

ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவின் பாணியில் வரையக் கற்க விரும்புகிறவர் எந்தப் பயிற்சி நூலைத் திறந்தாலும் பெரும்பாலும் ஒரே பாடம்தான் முதலில் காத்திருக்கும். ஒரு வட்டம், அதன்மேல் நெடுக்கிலும் குறுக்கிலும் இரண்டு கோடுகள், கீழே கூர்ந்து இறங்கும் தாடை, குறுக்குக் கோட்டை ஒட்டி இரண்டு பெரிய கண்கள், கடைசியில் முடி. பென்சிலில் இவ்வளவும் அமைந்த பின் பேனாவால் மை ஓட்டி, பென்சில் தடத்தை ரப்பரால் அழித்துவிட்டால் பாத்திரம் தயார். முறையான ஓவியப் படிப்பை மதிக்கிறவர்கள் இதை வெறும் நகலெடுப்பு என்று தள்ளிவிடுகிறார்கள். ரசிகர்களில் பலர் இதையே முழுப் படிப்பு என்று நம்புகிறார்கள். இரு தரப்பும் பாதி சரி. வாய்பாட்டிலிருந்து தொடங்குவதில் குற்றமே இல்லை. மங்கா என்ற கலை அப்படித்தான் வளர்ந்தது. கோளாறு மை தீட்டுவதை முடிந்துபோன படத்தின் மேல்பூச்சாக நினைப்பதில் இருக்கிறது. கற்றது சரிதானா என்று சோதிக்கும் இடமாக மையை வைத்துக்கொண்டால், இந்த வழியின் பெரும்பாலான குறைகள் கண்ணுக்குத் தெரிந்துவிடும்; தெரிந்த குறையைத் திருத்தவும் முடியும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

வாய்பாடு வைத்து வரையக் கற்பிப்பது நேற்றைய காணொளிகள் கண்டுபிடித்த குறுக்குவழி அல்ல. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1812-இல் வெளியிட்ட விரைவு ஓவியப் பாடநூலில், மனிதரையும் விலங்குகளையும் வட்டம், சதுரம் போன்ற எளிய வடிவங்களிலிருந்து கட்டியெழுப்பிக் காட்டினார். 1814-இல் தொடங்கிய அவருடைய 'ஹொகுசாய் மங்கா' தொகுதிகளும் பார்த்து வரைவதற்கான மாதிரி ஏடுகளாகப் புழங்கின. நவீன மங்காவின் முன்னோடியான ஒசாமு தெசுகா, டிஸ்னி, ஃப்ளைஷர் கார்ட்டூன்களிலிருந்து பெரிய கண்களையும் உருண்டையான உடல்களையும் எடுத்துக்கொண்டவர். 1950-இல் 'மங்கா தைகாகு' என்ற தலைப்பில், வரையக் கற்பிக்கும் மங்காவையே வெளியிட்டார். அவரைப் பார்த்து வரைந்து வளர்ந்த ஷோதாரோ இஷிநோமோரி 1965-இல் இளைஞர்களுக்கென்று ஒரு மங்கா கையேடு எழுதினார். ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்து கைமாறி வந்த கலை இது. மேலைநாட்டுக் கலைக்கல்வியிலும் இதற்கு ஆதரவு உண்டு. பிள்ளைகள் உலகத்தைப் பார்த்து வரைவதைவிட மற்றவர்கள் வரைந்த படங்களைப் பார்த்தே பெரும்பாலும் வரையக் கற்கிறார்கள் என்று பிரெண்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் 1977-இல் எழுதினார்கள். ஆகவே நகலெடுப்பது இழிவு என்ற குற்றச்சாட்டு, இந்தக் கலையின் வரலாற்றுக்கு முன் நிற்காது.

வாய்பாட்டின் பலம் பழமை மட்டுமல்ல. கதை சொல்லும் படத்துக்கு ஒரு தனித் தேவை இருக்கிறது. ஒரே முகம் முதல் கட்டத்தில் சிரிக்கவும், அடுத்ததில் திகைக்கவும், பத்துப் பக்கம் தாண்டி மழையில் ஓடவும் வேண்டும். எங்கே வந்தாலும் வாசகர் அதை நொடியில் அடையாளம் காண வேண்டும். தனி ஓவியம் வரைகிறவருக்கு இந்த நெருக்கடி இல்லை. தெசுகா தம் உருவங்களைக் குறியீடுகள் போலக் கருதியதாகச் சொன்னதன் பின்னணி இதுதான். புருவத்தின் சாய்வு, கண்ணின் வெள்ளைப் பொட்டு, வாயின் ஒற்றை வளைவு ஆகியவை கூடிப் பிரிந்து உணர்ச்சியைச் சொல்கின்றன. முழுநேரம் வரைய வாய்ப்பில்லாத ஆர்வலர், எலும்பும் தசையும் கற்று முடிக்கும்வரை காத்திருக்காமல், சில வாரங்களிலேயே பிறருக்குப் புரியும் முகம் ஒன்றை வரைந்துவிட முடிவது இந்தச் சிக்கனத்தால்தான். தொடக்கத்திலேயே கிடைக்கும் இந்த வெற்றியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அது கிடைக்காததால் பென்சிலைக் கீழே வைத்தவர்கள் ஏராளம்.

ஆனால் அதே சிக்கனம்தான் பலவீனமும். பெருக்கல் வாய்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கும் மாணவன், வாழ்க்கைக் கணக்கு வந்ததும் எங்கே பெருக்குவது என்று தெரியாமல் விழிப்பதைப் போல, நேர்முகமும் முக்கால் பக்கவாட்டு முகமும் கைவந்தவர், தலை சற்றே குனிந்ததும் தடுமாறிப் போகிறார். குனிந்த தலையில் உச்சி பெரிதாகி முகம் சுருங்க வேண்டும். குறுக்குக் கோடு நேர்கோடாக இல்லாமல் உருண்டையைச் சுற்றிக் கீழ்நோக்கி வளைய வேண்டும். திரும்பிய தலையில் அப்பால் இருக்கும் கண் குறுகி, அதன் ஓரம் கன்னத்தின் விளிம்புக்குள் அடங்க வேண்டும். காகிதத்தில் போட்ட வட்டம் உண்மையில் ஒரு பந்து என்பது மனதில் பதியாதவருக்கு இவற்றில் எதுவும் வராது. கூரான தாடை என்பதும் தாடையெலும்பின் சுருக்கம்தான். அதைச் சுருக்கம் என்று அறியாமல் ஒரு முனையாக மட்டும் பழகியவர், பாத்திரம் வாய் திறந்து அலறும்போது தாடையை எங்கே இறக்குவது என்று அறியமாட்டார். கண்ணில் இத்தனை வகை, முடியில் இத்தனை வகை என்று உறுப்பு உறுப்பாகப் பிரித்துத் தரும் கையேடுகள் இந்தக் குறையை வளர்க்கின்றன. விளைவு நமக்குப் பழக்கமானது: முடியை மட்டும் மாற்றிய ஒரே முகம், முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் கைகள், இடுப்புக்குக் கீழே முடிவே பெறாத உடல்.

பென்சில் இந்தக் குறையை மறைத்துவைக்கும். தோள் எங்கே முடிகிறது என்று தெரியாதபோது ஏழெட்டு மெல்லிய கோடுகளைப் போட்டுவிட்டால், பார்க்கும் கண்ணே சரியானதைத் தேர்ந்துகொள்கிறது. படம் நன்றாக இருப்பதாகவும் தோன்றுகிறது. மை அந்தச் சலுகையைத் தராது. ஏழில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அதை எங்கே தொடங்குவது, எப்பக்கம் வளைப்பது, எங்கே அழுத்துவது என்று மூன்று முடிவுகளை ஒரே வீச்சில் எடுத்தாகவும் வேண்டும். மங்கா ஓவியர்கள் நெடுங்காலம் கையாண்ட ஜி-பேனா முள் இதற்கென்றே அமைந்தது போன்றது. அழுத்தினால் முள்ளின் இரு பிளவும் விரிந்து கோடு தடிக்கும்; கையை எடுக்க எடுக்க மெலிந்து நுனியில் மறையும். மாரு பேனா மயிரிழைக் கோடுகளுக்கு; கபுரா பேனா ஏறக்குறைய ஒரே தடிமனுக்கு. முடியின் ஒரு கற்றையை ஜி-பேனாவில் இழுப்பதைக் கூர்ந்து பாருங்கள். உச்சியில் மெல்லத் தொட்டு, வளைவின் முதுகில் அழுத்தி, நுனியில் கை காகிதத்தை விட்டு எழும்போதும் வீச்சு நிற்பதில்லை. வளைவு கைக்கு ஒவ்வாத திசையில் போனால் தாளைத் திருப்பிக்கொள்ள வேண்டும். முள்ளை மேல்நோக்கித் தள்ளினால் அது காகித நாரில் சிக்கி மை தெறிக்கும். தயங்கித் தயங்கி இழுத்தால் நடுக்கம் அப்படியே பதிவாகும். கற்றை தலையின் உருண்டையைச் சுற்றிப் போகிறது என்று அறிந்த கைக்குத்தான் எங்கே அழுத்துவது என்று தெரியும். அறியாத கை பென்சில் தடத்தின்மேல் ஒரே தடிமனில் ஊர்ந்து போகும்; உயிரற்ற கோடு பிறக்கும்.

தடித்து மெலியும் கோடு அலங்காரத்துக்காக வந்தது அல்ல. வார இதழ்கள் மலிவான தாளில், பெரும்பாலும் ஒற்றை மையில் அச்சாகின்றன. தொழில்முறை ஓவியர் பி4 தாளில் வரைவது பி5 அளவு இதழில் சுமார் ஆறில் ஐந்து பங்காகச் சுருங்கும். தனி நூலாக வரும்போது இன்னும் சுருங்கும். அங்கே தாடைக்குக் கீழே ஒரு தடித்த கோடு நிழலின் வேலையைச் செய்கிறது. முன்னால் நிற்பவரின் கனத்த விளிம்பு பின்னால் நிற்பவரிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டுகிறது. கறுப்பாக நிரப்பிய முடி பக்கத்தில் கண் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுகிறது. இதை உணராத ஆர்வலர் எல்லா இழையையும் தனித்தனியாக வரைகிறார். வெறுமை தெரியும் இடத்தில் எல்லாம் புள்ளித்திரையை, அதாவது புள்ளிகள் அச்சிட்ட ஒட்டுத்தாளை, ஒட்டி நிரப்புகிறார். படத்தைச் சுருக்கியதும் இழைகள் ஒட்டிக்கொள்கின்றன, புள்ளிகள் கலங்கிக் கோலம் மாறுகின்றன. கோடு எதற்காக என்ற கேள்வியைக் கேட்காத பயிற்சிக்கு இது தவிர்க்க முடியாத முடிவு.

இதற்கு முதல் மறுப்பு எளிதில் ஊகிக்கக்கூடியது: அப்படியானால் மனித உடலை நேரில் பார்த்து வரைவதைத்தானே முதலில் கற்க வேண்டும்? இதில் உண்மை இருக்கிறது. மங்கா ஓவியர் தகேஹிகோ இனோவே, 1998-இல் தொடங்கிய 'வாகபாண்ட்' தொடரின் போக்கில் பேனாவிலிருந்து தூரிகைக்கு மாறியும் உருவம் குலையாமல் நிற்கக் காரணம், உடலைப் பற்றிய அவருடைய ஆழ்ந்த அறிவு. இன்னொரு மங்கா ஓவியரான அகிரா தோரியாமாவின் பாத்திரங்களில் கோடுகள் மிகக் குறைவு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவை கனமுள்ள பொருட்களாகவே இருக்கும். ஆனால் பார்த்து வரைதல் மட்டும் மங்காவைத் தந்துவிடாது. பார்த்ததில் எதை விடுவது என்பதுதான் இங்கே கலை; அதைக் கற்றுத் தருவது வாய்பாடுதான். கலை வரலாற்றாளர் கோம்ப்ரிச் 1960-இல் வெளியான தம் நூலில், ஓவியர் வெறுங்கண்ணோடு உலகைப் பார்ப்பதில்லை, கையில் இருக்கும் ஒரு வார்ப்பில் தொடங்கி அதைப் பார்வையால் திருத்துகிறார் என்று வாதிட்டார். அந்த வரிசையே இங்கும் பொருந்தும். வாய்பாட்டில் தொடங்கி, மையில் தோற்று, தோற்ற இடத்தைக் கேள்வியாக்கிக்கொண்டு கண்ணாடி முன்னாலோ மாதிரி ஒருவர் முன்னாலோ போக வேண்டும். தாடை எங்கே இறங்கும் என்ற குறிப்பான கேள்வியோடு பார்ப்பவர், கேள்வியே இல்லாமல் பல மணி நேரம் பார்ப்பவரைவிட விரைவில் கற்கிறார்.

இரண்டாவது மறுப்பு காலத்தைப் பற்றியது. கிளிப் ஸ்டூடியோ பெயிண்ட் போன்ற மென்பொருள்கள் கை நடுக்கத்தைத் தாமே நேராக்கித் தருகின்றன. பிழையான கோட்டை ஒரு தொடுகையில் நீக்கிவிடலாம். பிறகு முள்ளும் மைப்புட்டியும் எதற்கு? முள்ளை வழிபட வேண்டியதில்லை. முள் தேயும், தாளும் மையும் செலவு வைக்கும். திரையில் வரைகிறவர் ஒரே மாலையில் பல மடங்கு முயற்சிகளைச் செய்து பார்க்கலாம். அது பெரிய வரம். ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் நீக்கலாம் என்ற வசதி, முடிவெடுக்காமல் தள்ளிப்போடும் வசதியாகவும் மாறிவிடுகிறது. முப்பது கோடு போட்டு அதிருஷ்டவசமாகச் சரியாக விழுந்த ஒன்றை வைத்துக்கொள்பவர், பென்சில் மூட்டத்தைத்தான் வேறு வடிவில் திரும்பக் கொண்டுவருகிறார். கண் இமையைப் பல மடங்கு பெரிதாக்கி நுணுக்குபவர், அச்சளவில் அது ஒரு கறுப்புத் தீற்று மட்டுமே என்பதை மறக்கிறார். கோட்டை நேராக்கும் உதவியைக் குறைத்துவைத்து, பக்கத்தை அச்சளவில் அடிக்கடி பார்த்து, நீக்குவதற்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டால் திரையும் மையின் வேலையைச் செய்யும். தேவைப்படுவது முடிவெடுக்கும் பழக்கம். அது எந்தக் கருவியில் வந்தாலும் சரி.

மூன்றாவது மறுப்பு மனிதாபிமானமானது: பொழுதுபோக்காக வரைகிறவரிடம் இவ்வளவு கண்டிப்பு எதற்கு? ஜப்பானில் ஆர்வலர் மரபு எத்தனை வலுவானது என்பதற்கு, 1975-இல் தோக்கியோவில் 32 குழுக்களும் சுமார் 700 பேரும் கூடித் தொடங்கிய, ஆர்வலர் தம் படைப்புகளை விற்கும் காமிக் மார்க்கெட் இன்று லட்சக்கணக்கானோரை ஈர்ப்பதே சான்று. அந்த மகிழ்ச்சியை யாரும் கெடுக்க வேண்டாம். ஆனால் தொழில்முறை ஓவியருக்குக் கிடைத்த ஒன்று, தனியே கற்பவருக்குக் கிடைப்பதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். இஷிநோமோரியின் தலைமுறை, 'மங்கா ஷோனென்' இதழின் வாசகர் பகுதிக்குப் படம் அனுப்பித் தேர்வுக்கு உள்ளாகி, பிறகு தோக்கிவா-சோ குடியிருப்பில் ஒரே கூரையின் கீழ் ஒருவர் பக்கத்தை ஒருவர் பார்த்து வளர்ந்தது. உதவியாளராகச் சேர்ந்தவருக்கு மூத்தவரின் கை அசைவே பாடம். மங்கா ஓவியர் நவோக்கி உராசாவா 2014 முதல் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஓவியர்களின் மேசையில் கேமராக்களை வைத்து இந்தப் பாடத்தைப் பொதுவாக்கியது. முடிந்த படத்தைப் பார்த்து நகலெடுப்பவர் விடையை மட்டும் காண்கிறார். கையைப் பார்ப்பவர் விடை வந்த வழியையும் காண்கிறார். துணையின்றிக் கற்பவருக்குத் திருத்துபவர் இல்லை. மைதான் அந்த இடத்தை ஓரளவு நிரப்ப முடியும். தான் கற்பனை செய்த பாத்திரத்தைத் தான் விரும்பிய கோணத்தில் வரைய முடியாமல் போவதுதான் பொழுதுபோக்கின் மகிழ்ச்சியை உண்மையில் அரிப்பது, கண்டிப்பு அல்ல.

ஆகவே இந்த வழியைக் கைவிடத் தேவையில்லை. அதன் வரிசையை மாற்றினால் போதும். நேர்முகம் வசப்பட்டதும், பத்தாவது கண் வகையைத் தேடிப் போகாமல், அதே பாத்திரத்தை ஐந்து கோணங்களில் பென்சில் இல்லாமல் நேரடியாக மையில் வரைந்து பார்க்கட்டும். மோசமாகத்தான் வரும். ஆனால் எந்தக் கோணத்தில் குலைந்தது, எந்த இடத்தில் கை தயங்கியது என்பது தாளில் அழியாமல் நிற்கும். அடுத்து எதைப் பார்த்துக் கற்க வேண்டும் என்பதற்கான பட்டியல் அதுதான். மற்றவர் கோட்டை நகலெடுப்பதும் தொடரட்டும். இங்கே ஏன் தடித்தது, இங்கே ஏன் கோடே இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டு நகலெடுக்கட்டும். வாய்பாடு கொடுத்த முகம் அனைவருக்கும் பொதுவானது. மையில் தானே முடிவெடுத்துத் திருத்திய முகம் வரைந்தவருக்கே உரியது. பாணி என்று நாம் மெச்சுவது அந்த முடிவுகளின் தொகுப்பைத்தான்.