நூல் போர்த்திய செம்பு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பின்பக்கக் கொட்டகை. கட்டிங் வேஸ்ட் மூட்டைகளை ஒதுக்கிவிட்டு நண்பர் தம் எம்ஜிஏ காரை அங்கே நிறுத்தியிருக்கிறார். இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1955 முதல் 1962 வரை தயாரான, இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். பார்க்க வருபவர்கள் முன் மட்கார்டின் வளைவைத் தடவிப் பார்க்காமல் போவதில்லை. அந்த வளைவு அப்படி. ஆனால் இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்த எனக்கு, இருக்கைக்குப் பின்னால் பலகைக்கு அடியில் ஓடும் ஒரு கேபிள்தான் கண்ணிலேயே நிற்கிறது.

பானட்டைத் திறந்து தேடினால் இந்தக் காரில் பேட்டரி கிடைக்காது. இருக்கைகளுக்குப் பின்னால், புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். நடுவில் ஒரு இணைப்புக் கேபிள் இரண்டையும் தொடர்ச்சியாகக் கோத்து 12 வோல்ட் ஆக்குகிறது. கனத்தைத் தாழ்வாகவும் பின்னாலும் வைத்தால் வளைவுகளில் வண்டி அடங்கி நிற்கும். அதற்குக் கொடுக்கும் விலை, அங்கிருந்து முன்பக்கம் வரை போகும் அந்த நீளக் கேபிள். டேஷ்போர்டில் ‘எஸ்’ என்று பொறித்த ஒரு குமிழ். அதை இழுத்தால் ஒரு இரும்புக் கம்பி போய் சுவிட்சுக்குள் இருக்கும் செம்புத் தகட்டை அழுத்துகிறது. ரிலே கிடையாது, சொலினாய்டு கிடையாது. என் விரல் இழுத்த இழுப்புதான் செல்ஃப் மோட்டார் வரை போகிறது. இத்தனை நேரடியான சுவிட்சைக் கையாளும் சுகம் புதுக் கார்களில் இல்லை.

அந்தச் சுகம்தான் கெட்டுப்போயிருந்தது. குமிழை இழுத்தால் செல்ஃப் ஒரு முனகல் முனகி நின்றுவிடும். நண்பர் இரண்டு முறை பேட்டரி மாற்றிப் பார்த்தார். முனகல் மாறவில்லை. கடைசியில் ஒரு பெரியவரை அழைத்து வந்தார். நாற்பது வருஷமாக மில்களின் பேனல் போர்டும் கார் வயரிங்கும் பார்க்கிறவர். அவர் பேட்டரியைத் தொடவே இல்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரிக் கம்பத்திலும், மறுமுனையைக் கேபிளின் அந்தக் கோடியிலும் வைத்து, “இழுங்க தம்பி” என்றார். 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

“ஒயரு துரோகம் பண்ணாதுங்க. லக்குலதான் கரண்டு செத்துப்போகுது.”

இதைக் கணக்காகவும் சொல்லலாம். இஞ்சினைச் சுற்றும்போது செல்ஃப் சுமார் 200 ஆம்பியர் இழுக்கும். இணைப்பில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே போதும், 2 வோல்ட் அங்கேயே போய்விடும். அதாவது 400 வாட் சூடு, கேபிளின் முனையில் மாட்டியிருக்கும் ஒரு கட்டைவிரல் அளவு லக்குக்குள். சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912இல் கெடிலாக் காரில் வந்ததற்கு அடியில் இருந்த எண்ணம், சில விநாடி மட்டுமே சுற்றப்போகிற மோட்டாரை அதன் சக்திக்கு மீறி வேலை வாங்கலாம் என்பது. அந்தச் சில விநாடிக்குள் இஞ்சினைப் புரட்டியாக வேண்டும். வழியில் சிந்துவதற்கு அதனிடம் மிச்சமில்லை.

மோட்டாரும் சுருளும் இந்தப் பக்கத்துக்கு ஒன்றும் புதிதல்ல. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே முதல் மின்மோட்டாரைச் செய்தது 1937இல், ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவையில்தான். பெரியவரின் விரல்களில் அந்தப் பரம்பரை தெரிந்தது.

பழைய கேபிளை அறுத்துக் காட்டினார். யாரோ ஒருவர் லக்குக்குள் ஈயத்தை ஊற்றி நிரப்பியிருந்தார். ஈயம் இழைகளுக்குள் மேலேறி, நெகிழ வேண்டிய கேபிளை அந்த இடத்தில் குச்சியாக்கிவிட்டது. வண்டியின் அதிர்வில் குச்சியின் ஓரத்தில் இழைகள் ஒவ்வொன்றாக முறிந்திருந்தன. பாதிச் செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. அவர் கொண்டுவந்தது 35 சதுர மில்லிமீட்டர் கேபிள், மயிரிழை மயிரிழையாகச் செம்பு. அளந்து சீவி, லக்கில் நுழைத்து, ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியின் அறுகோண அச்சில் வைத்து அழுத்தினார். பிறகு, பழகிப் பார்க்கச் செய்த ஒரு துண்டைக் குறுக்கே அறுத்துக் கையில் கொடுத்தார். இழைகள் என்று எதுவும் இல்லை! தேனடை மாதிரி ஒன்றையொன்று நெருக்கி, இடையில் காற்றுக்கும் இடமில்லாமல், ஒரே செம்புக் கட்டி. அந்தத் துண்டு இப்போது என் மேசையில் இருக்கிறது.

கேபிளுக்கு மேல் கறுப்பு டேப் சுற்றிவிடலாம் என்றுதான் நண்பரும் நினைத்தார். அந்தக் கால பிரிட்டிஷ் கார்களில் வயரிங் கட்டின்மேல் பருத்தி நூல் பின்னி வார்னிஷ் பூசியிருப்பார்கள். அதை இந்த ஊரில் விட்டுக்கொடுக்கலாமா? ஸ்வெட்டர் தொப்பிக்கு நாடா பின்னும் யூனிட் ஒன்றுக்குக் கேபிளை எடுத்துப் போனோம். நூல் பாபின்களில் பாதி வலமாகவும் பாதி இடமாகவும், ஒன்றுக்கு உள்ளே ஒன்று புகுந்து வெளியேறி ஓடுகின்றன. பின்னல் கோலாட்டத்தை நின்று பார்த்தவர்களுக்கு அந்த எந்திரத்தை விளக்க வேண்டியதில்லை. நடுவில் நாடாவுக்கு உள்நூல் விடும் துளையில் எங்கள் கேபிளை விட்டார்கள். பழுப்பு நூலில் ஒரு கறுப்பு இழை திருகிக்கொண்டே ஏற, சாய்சதுரம் சாய்சதுரமாக உறை அதன்மேல் ஏறியது. பனியன் ஊரின் நூல், ஆபிங்டன் காரின் கேபிளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருந்தது. பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் வெளியே பெயின்ட்டுக்குச் செலவழித்துவிட்டு உள்ளே டேப்பைச் சுற்றி முடிப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை.

மாட்டும்போது ஒரு நுணுக்கம். இந்தக் காரில் எர்த்தாகப் பாடியோடு சேர்ந்திருப்பது பேட்டரியின் பிளஸ் முனை. பழக்கத்தில் மைனஸை முதலில் கழற்றப் போகும் கை, ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கவிடும். கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில் என்ற விதி மாறவில்லை, எர்த் எந்த முனை என்பதுதான் மாறுகிறது. இதை நெகட்டிவ் எர்த்தாக மாற்றிவிடச் சொல்பவர்கள் உண்டு. பெரியவர் மறுத்துவிட்டார், எனக்கும் அதுவே சரி. எர்த் லக் உட்காரும் இடத்தில் பெயின்ட்டை வெள்ளி இரும்பு தெரியும்வரை சுரண்டி, போல்ட்டை முறுக்கி, மேலே வாஸ்லின் தடவினார்.

குமிழை இழுத்தேன். பல்சக்கரம் பிளைவீலைக் கவ்வும் ‘டக்’, உடனே இஞ்சின். மீட்டர் காட்டியது 0.3 வோல்ட். பெரியவர் அணைக்கச் சொல்லி, மறுபடி இழுக்கச் சொல்லி, ஐந்தாறு தடவை அப்படியே செய்தார். பிறகு பலகைக்கு அடியில் கையை விட்டு லக்கைப் பிடித்தார்.

“தொட்டுப் பாருங்க தம்பி.”

சில்லென்று இருந்தது.